மூட்டு வீங்குமுன் மருந்து வேண்டும்: ஹீமோபிலியா குழந்தைகளின் பெற்றோர் கோரிக்கைச் சாசனம்

தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும், ரத்தம் உறையாத குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் எழுதுவது.

ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் மருந்தை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறீர்கள். குப்பிக்காக நகையை அடகு வைத்த காலத்தை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம், அதனால் அதன் அருமை தெரியும். எங்கள் வழக்கு மருந்தைப் பற்றியது அல்ல, அது பிள்ளையின் உடம்பில் ஏறும் நேரத்தைப் பற்றியது.

முழங்காலுக்குள் ரத்தம் கசியத் தொடங்குவது முதலில் பிள்ளைக்குத்தான் தெரியும். "உள்ள என்னமோ குறுகுறுங்குதும்மா" என்பான். வீக்கமும் வலியும் பிறகுதான் வரும். அந்தக் குறுகுறுப்பிலேயே ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். இரண்டு பஸ் மாறி, ஓ.பி. சீட்டு வாங்கி, மருந்துக் கிடங்கின் சாவி வரும்வரை பெஞ்சில் கிடந்தால் காலை நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது. திரும்பத் திரும்ப ரத்தம் கட்டிய மூட்டு வளரும் வயதிலேயே தேய்ந்துபோகிறது. பிறகு எந்த ஃபேக்டரும் அதை மீட்டுத் தராது.

1. கடும் குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், எந்த மாவட்டமானாலும், கசிவைத் தடுக்கும் ஊசியை ஒழுங்காகத் தர வேண்டும். கசிந்த பிறகு போடுவதே சிகிச்சை என்ற வழக்கம் போக வேண்டும். உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் 2020 நெறிமுறை சொல்வதும் இதைத்தான். அதன் முதன்மை ஆசிரியர் அப்போது வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா. ஆகவே பணக்கார நாட்டுப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஏற்றிய எட்டாம் ஃபேக்டரில் பாதி சுமார் 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஊசி தேவைப்படுகிறது. மூன்று வயதுப் பிள்ளையை நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க, புறங்கையில் நரம்பு கிடைக்காமல் நர்ஸம்மா பாதத்தைத் தட்டித் தட்டித் தேடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். இந்த எட்டாம் ஃபேக்டர் குறைந்த, ஹீமோபிலியா ஏ உள்ள சிறு குழந்தைகளுக்கும், ஃபேக்டரையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் உடம்பில் உருவாகிவிட்டவர்களுக்கும் எமிசிசுமாப் என்ற மருந்தைத் தாருங்கள். அதைத் தோலுக்கடியில் போட்டால் போதும். வாரம் ஒன்று, அல்லது இரண்டு, நான்கு வாரங்களுக்கு ஒன்று.

2. ஃபேக்டர் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஊசி போடத் தாய்க்கும், வளர்ந்த பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள். வேலூரில் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை பலித்த செய்தி 2024 கடைசியில் வந்தது. மகிழ்ந்தோம். இன்றைக்கு நாங்கள் கேட்பது அவ்வளவு பெரியதில்லை. 2 முதல் 8 டிகிரி வரை குளிர் நிற்கும் ஒரு பெட்டியும், அதைக் கையாளப் பயிற்சியும்தான்.

3. ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குழந்தைகள் ரத்தவியலில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் வேண்டும். தவழும் குழந்தையின் முட்டியில் நீலம், தடுப்பூசி போட்ட தொடையில் கட்டி, காது குத்திய இடத்தில் நிற்காத ரத்தம் என்று வரும்போது "அடிச்சீங்களா?" என்ற கேள்வி தாயிடம்தான் முதலில் வருகிறது. மூன்றில் ஒரு பிள்ளைக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்திருக்காது. ஆகவே வம்சத்தைக் கேட்டுவிட்டு ஒதுக்கிவிட முடியாது.

ஹீமோபிலியா மட்டும்தான் என்றும் இல்லை. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் நம் பக்கத்தில், பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் அரிய குறைபாடுகள் கூடுதல். பதின்மூன்றாம் ஃபேக்டர் இல்லாத பச்சிளங்குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசியும். ஆனால் வழக்கமான உறைதல் சோதனைகளான பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் சரியாகவே காட்டும். கிளான்ஸ்மேன் குறைபாட்டில் தட்டணுக்களின் எண்ணிக்கை குறையாது, அவை ஒன்றோடொன்று ஒட்டாது, அவ்வளவுதான். 'ரிப்போர்ட் நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் இவர்கள். பெண் பிள்ளைகள் இன்னும் பாவம். வயதுக்கு வந்தபின் நாள்கணக்கில் நிற்காத உதிரப்போக்கை "முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று நாமே மறைத்துவிடுகிறோம். இப்படி ரத்தம் நிற்காமல் போகவைக்கும் வான் வில்பிராண்ட் நோய் ஆண், பெண் இருபாலருக்கும் வரும் என்பது ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

4. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: தலையில் அடிபட்டு வந்தால் முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். வலிக்கு டைக்ளோஃபெனாக் கூடாது. இடுப்பில் ஊசி கூடவே கூடாது. நள்ளிரவில் பயிற்சி மருத்துவரிடம் இதை வாதாட வேண்டிய நிலை ஒரு தகப்பனுக்கு வரக்கூடாது.

5. பள்ளியில் எங்கள் பிள்ளைகளைப் பிரம்பால் தொடக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? சொல்ல வேண்டியிருக்கிறது. கசிவு நாட்களின் வருகைக் குறைவைத் தேர்வுக்குத் தடையாக்காதீர்கள். நீச்சலும் நடையும் இவர்களுக்கு நல்லது. உடற்பயிற்சி பீரியட் முழுக்கத் திண்ணையில் உட்கார வைக்க வேண்டாம்.

6. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஹீமோபிலியாவையும் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அதே சட்டத்தின் வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்தக் குறைபாடுகள் இல்லை. அதைத் திருத்த மாநில அரசு ஒன்றிய அரசிடம் எழுத வேண்டும். சான்றிதழ் வழங்கும் குழுவில் ரத்தவியல் தெரிந்தவர் உட்கார வேண்டும். முகாம் நாளில் கால் மடங்குகிறதா என்று மட்டும் பார்த்து விழுக்காடு போடக்கூடாது.

ஏப்ரல் 17 உலக ஹீமோபிலியா நாள். அன்று கட்டடங்களுக்குச் சிவப்பு விளக்குப் போடுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. அதற்கு முன்பாக முதல் நான்கு கோரிக்கைகளுக்கும் அரசாணை எண்ணோடு பதில் வேண்டும். மாவட்டவாரியாகக் குப்பி இருப்பை மாதந்தோறும் வெளியிடவும் வேண்டும்.