கெவுடக் கல்லும் பெண் பிள்ளைகளும்

இரத்தினபுரிப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் 'கெவுட' என்ற சொல் புதிதல்ல. பால் கலந்த தண்ணீர்போல் மங்கிக் கிடக்கும் ஒரு கல் அது. ஒரு காலத்தில் அதற்கு மதிப்பே இருக்கவில்லை. 1,500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அது நீலக்கல்லாகும் என்று கண்டுகொண்ட தாய்லாந்து வியாபாரிகள், 1970களில் அதை இங்கிருந்து மலிவாக வாங்கிப் போனார்கள்.

அக அழகைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்தக் கதை உதாரணமாக வரும். வெளியே மங்கல், உள்ளே நீலம் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை, தோழியரே. நெருப்பில் கிடந்து நிறம் மாறிய பிறகுதானே கெவுடவை மதித்தார்கள்? பெண் பிள்ளைகளிடமும் எமது சமூகம் எதிர்பார்ப்பது அதைத்தான்.

வாப்பாவின் கடை தோட்டத்து அடிவாரத்தில் இருக்கிறது. சம்பள நாளில் மாவும் சீனியும் வாங்குபவர்கள், கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பது வெள்ளையாக்கும் கிரீம். "மகளைப் பார்க்க வாறாங்க" என்பார்கள். எங்கள் வீடுகளிலும் வேறு கதை இல்லை. "பிள்ளை நல்ல நிறமா?" என்பது முதற் கேள்வி. படிப்பெல்லாம் பிறகுதான். 1975இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபெயார் அண்ட் லவ்லி' 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபெயார்' என்பதை எடுத்துவிட்டது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

பெயர் விலாசம் இல்லாத சின்ன டப்பாக்கள்தான் இன்னும் பயங்கரம். சில கிரீம்களில் பாதரசம் சேர்க்கிறார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுக்கும். உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். மினமாட்டா உடன்படிக்கை முதலில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. 2023இல் கூடிய நாடுகள், 2025க்குப் பிறகு அழகுசாதனங்களில் பாதரசமே சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்தன. இதையெல்லாம் சொல்லி வாப்பாவோடு இரண்டு இரவு வாதாடினேன். லேபல் இல்லாத டப்பா இப்போது எங்கள் கடையில் இல்லை.

அப்படியென்றால் அழகு எது என்று கேட்பீர்கள். கடைக்கு மேலே லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். பகல் முழுக்க அட்டைக் கடியோடு கொழுந்து பறித்துவிட்டு, பின்னேரம் படங்கை உதறிக்கொண்டு பீலிக்கு வருவார். முகம் கழுவியதும் கங்காணியைப்போல் நடித்துக் காட்டுவார். வாளியோடு நிற்கும் அத்தனை பேரும் சிரிப்பார்கள். யார் வீட்டு அடுப்பு இன்று எரியவில்லை என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்; இரண்டு ரொட்டி அந்த வீட்டுக்குப் போகும். வறுமையை அழகென்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய கூலி போதாது, மழை வந்தால் கூரை ஒழுகும், அது அநியாயம்தான். ஆனாலும் அவர் ஒருநாள் வராவிட்டால் பீலியடி சோர்ந்துவிடுகிறது. "அக்கா இன்னும் வரல்லியா?" என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்குவார்கள். அவர் கறுப்பா சிவப்பா என்று அங்கே எவரும் பேசி நான் கேட்டதில்லை.