தலையிடியும் இருபது கிலோவும்



"நீங்கள் நேபாளத்துக்குப் போய் மலையேறி வந்தீர்களாமே, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?" என்று வாசகி ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். எழுதாமல் விட்டதற்குக் காரணம் வெட்கம்தான். கூரைக்குத் தகரம் தேடித் திரிகிறவர்களிடம் உல்லாசப் பயணக் கதை சொல்வதா என்ற கூச்சம் ஒரு பக்கம். அந்த மலையில் நான் செய்த மடைத்தனம் மறுபக்கம். கேட்டுவிட்டீர்கள், இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

2018 நவம்பரில் காத்மண்டுவில் ஒரு செயலமர்வு. போருக்குப் பிந்திய பெண்களின் வாழ்வாதாரம் பற்றியது. நேபாளத்திலும் போர் நடந்தது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. 1996 பெப்ரவரியில் தொடங்கி 2006 நவம்பரில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகும் வரை நீடித்தது. 13,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். படங்களைக் கையில் பிடித்தபடி வீதியோரத்தில் நிற்கும் தாய்மாரை அங்கும் கண்டேன். அதைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன்.

செயலமர்வு முடிந்த பிறகு, வந்திருந்தவர்களில் ஆறு பெண்கள் சேர்ந்து அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிப் போகும் நடைபாதையில் சில நாட்கள் நடக்கத் தீர்மானித்தோம். பாதையின் உச்சி தோரோங் லா என்ற கணவாய். உயரம் 5,416 மீற்றர். எங்கள் நாட்டின் உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். அதற்கும் மேலே இன்னொரு பிதுருதலாகலையை வைத்தாலும் கணவாயைத் தொடாது என்று நான் பகிடி விட்டேன். அந்தப் பகிடியின் கனம் பிறகுதான் விளங்கியது.

வழிகாட்டியாக ஒரு பெண்தான் வேண்டும் என்று கேட்டோம். அங்கே அது இப்போது புதினமில்லை. 1990களில் பொக்கரா நகரத்தில் விடுதி நடத்திய லக்கி, டிக்கி, நிக்கி செத்ரி என்ற மூன்று சகோதரிகள் தொடக்கி வைத்த வழி அது. மலைக்குத் தனியாகப் போய்வந்த பெண் பயணிகள், கூடவந்த ஆண்கள் சிலரின் நடத்தையைப் பற்றி இவர்களிடம் முறையிட்டார்கள். அப்படியானால் நாங்களே கூட்டிப் போகிறோம் என்று சகோதரிகள் இறங்கினார்கள். பிறகு கிராமத்துப் பெண்களைக் கூப்பிட்டு வழிகாட்டவும், முதலுதவி செய்யவும், ஆங்கிலம் பேசவும் பழக்கினார்கள். பொம்பிளை மலைக்குப் போவதா என்று ஊரார் வாய் சும்மா இருந்திருக்காது. அந்தக் கதை எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை.

எங்கள் வழிகாட்டிக்கு முப்பது வயதுதான் இருக்கும். நாங்கள் அவரைப் பஹினி என்று கூப்பிட்டோம், தங்கச்சி என்று அர்த்தம். அவர் எங்களைத் தீதி, அதாவது அக்கா, என்றார். அவருக்கு உதவியாக இன்னொரு பிள்ளை. சுமை தூக்க மூன்று பெண்கள்.

பெசிசஹார் என்ற ஊரில் புறப்படுமுன் பஹினி தூக்குத் தராசை எடுத்தார். இரண்டு பயணிகளின் பொதிகள் சேர்ந்து ஒரு பெண்ணின் முதுகில் ஏறும், அது இருபது கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அவர்களுடைய விதி. என்னுடைய பை மட்டும் பதின்மூன்று கிலோ காட்டியது. திறந்து பார்த்தால் முறுக்கு, பால்மா, மிளகாய்த்தூள் போத்தல், மூன்று சேலை. மலைக்குச் சேலை ஏன் என்று நீங்கள் கேட்கலாம், நானும் பிறகு கேட்டுக்கொண்டேன். எல்லோருக்கும் முன்னால் மூன்றரைக் கிலோவைக் கழற்றி விடுதியில் வைத்துவிட்டுப் போனேன்.

இந்தத் தராசு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். சுமை தூக்குவோரைப் பாதுகாப்பதற்கென 1997இல் ஒரு சர்வதேச அமைப்பு உருவானது. பயணிகளின் பொதி தூக்கிய ஒரு இளைஞர் மலைநோயில் இறந்துபோனது அதற்குத் தூண்டுதல். அது வகுத்த விதிகள் எளியவை. நேபாளத்தில் ஒருவருக்கு முப்பது கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. குளிருக்கேற்ற உடுப்பும் சப்பாத்தும், படுக்க இடமும், சூடான சாப்பாடும் கொடுக்க வேண்டும். சுகமில்லாமல் போனால் பயணிக்குக் கிடைக்கும் அதே வைத்தியம் அவருக்கும் கிடைக்க வேண்டும். நோயாளியை ஒருபோதும் தனியாகக் கீழே அனுப்பக் கூடாது. இவ்வளவுதான். ஆனால், எழுத வேண்டி வந்திருக்கிறது பாருங்கள்.

பாதையில் கடைச் சாமான் சுமப்பவர்களைக் கண்டபோது நெஞ்சு பதறியது. மூங்கில் கூடையில் கட்டிய பட்டியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, ரின் பெட்டிகளும் கூரைத் தகடுகளுமாக ஏறுகிறார்கள். எவரெஸ்ட் பக்கத்துச் சுமைகாரரை நிறுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் நிறையில் 93 வீதத்தையும் பெண்கள் 66 வீதத்தையும் சுமந்திருக்கிறார்கள். ஐம்பது கிலோ பெண்ணின் முதுகில் முப்பத்து மூன்று கிலோ. இடம்பெயர்ந்த நாட்களில் பிள்ளையையும் சட்டி பானையையும் நெல் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

எங்கள் பஹினியும் சுமை தூக்கித்தான் வழிகாட்டியானவர். அவர் மலைநாட்டுப் பிள்ளையே இல்லை. பர்தியா என்ற மாவட்டம், சமதரை, நெல் வயல். அந்தப் போரில் மிக அதிகமானோர் காணாமல் ஆக்கப்பட்ட மாவட்டமும் அதுதான். 2002இல் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. யார் கொண்டுபோனது என்ற கேள்வியைவிட, அம்மா இன்னும் இரவில் கதவுக்குக் கொக்கி போடுவதில்லை என்று அவர் சொன்னதுதான் எனக்குள் நின்றது.

சுமை தூக்குபவர் என்றால் மலையில் பிறந்தவர், அவருக்கு ஒன்றும் செய்யாது என்று பயணிகள் நினைக்கிறார்கள். உண்மையில் அவர்களில் பெரும்பாலானோர் தாழ்வான ஊர்களிலிருந்து வருகிறவர்கள். மலைநோய் எங்களைப் பிடிப்பதுபோலவே அவர்களையும் பிடிக்கும். 5,500 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் பாதி ஒக்சிசன்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு அதற்குப் பழக நாட்கள் எடுக்கும். ஆகவே 3,000 மீற்றருக்கு மேலே, இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட ஐந்நூறு மீற்றருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும். மனாங் ஊர்வரை ஜீப் வண்டி ஓடுகிறது. பஹினி எங்களைப் பாதி வழியில் தாராபானியில் இறக்கி நடக்க வைத்தது இதற்காகத்தான்.

இதையெல்லாம் அவர் முதல் நாளே சொன்னார். தலையிடி, குமட்டல், பசியின்மை, நித்திரையின்மை, எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

பிசாங் என்ற ஊரில், 3,200 மீற்றரில், எனக்குத் தலையிடி தொடங்கியது. நான் சொல்லவில்லை. இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்தேன். ஏன் சொல்லவில்லை? செல்லடிக்குள் பங்கரில் கிடந்து வந்தவள், முள்வேலிக்குள் இருந்தவள், ஒரு தலையிடிக்கு முனகுவதா என்ற வீம்பு. என்னால் மற்ற ஐந்து பேரும் நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம். வேறு ஒன்றும் உண்டு. எனக்கு நோகிறது என்று சொல்லும் வழக்கமே எங்களுக்கு விட்டுப்போய்விட்டது. யாரிடம் சொல்வது, சொல்லி என்ன நடக்கும் என்றே இருபது வருடம் இருந்துவிட்டோம்.

மறுநாள் மனாங்குக்கு, 3,540 மீற்றருக்கு, வந்து சேர்ந்தோம். எதிரே கங்கபூர்ணா வெள்ளையாய் நிற்கிறது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் சுவரில் சாய்ந்து இருந்தேன். அன்றிரவு சத்தி எடுத்தேன், பைப்பைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல். காலையில் பஹினி என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கோப்பையைப் பார்த்தார்.

"தீதி, நேற்றும் பருப்பும் சோறும் அப்படியே இருந்தது. இன்றும் இருக்கிறது. எத்தனை நாளாகத் தலையிடி?"

"இரண்டு..." என்று தொடங்கி, "மூன்று" என்றேன்.

ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். முற்றத்துக்குக் கூட்டிப் போய், குதிக்காலோடு பெருவிரல் முட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடினால் மூளையில் நீர் கோர்க்கிறது என்று அர்த்தமாம், அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நான் தள்ளாடவில்லை. பிறகு வைத்திய நிலையத்துக்குப் போனோம். இமாலய மீட்புச் சங்கம் பயணகாலங்களில் மனாங்கில் ஒரு சிறு நிலையம் நடத்துகிறது. வைத்தியர்கள் தொண்டர்களாக வந்து இருக்கிறார்கள், பின்னேரங்களில் மலைநோயைப் பற்றி வகுப்பும் எடுக்கிறார்கள். கொரோனா காலத்தில் எங்கள் எல்லோருக்கும் பழக்கமான, விரலில் மாட்டும் அந்தக் கருவியை நான் முதன்முதலில் கண்டது அங்கேதான். மேலே போகக் கூடாது, மூன்று நாளாகக் குறையாதபடியால் கீழே இறங்குங்கள் என்றார் வைத்தியர். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நோயால் அல்ல.

வாங்கில் என் பக்கத்தில் ஒரு பெடியன் இருந்தான். பத்தொன்பது வயது சொன்னான், நான் நம்பவில்லை. காலில் மெல்லிய துணிச் சப்பாத்து. வேறொரு குழுவுக்குச் சுமை தூக்கி வந்தவன். அவர்கள் அன்று காலை மேலே போய்விட்டார்கள், அன்றுவரை வந்த கூலியைக் கையில் கொடுத்துவிட்டு. வழியோரத்தில் குந்தியிருந்து இருமிக்கொண்டிருந்தவனைக் கூட்டி வந்தது எங்கள் சுமைகாரப் பெண்களில் ஒருவர். நெஞ்சுக்குள் நீர் சேரத் தொடங்கியிருக்கிறது, இன்றைக்கே இறக்க வேண்டும் என்றார் வைத்தியர். எத்தனை நாளாக இருமல் என்று பஹினி கேட்டதற்கு அவனும் மூன்று விரலைக் காட்டினான்.

அவனும் சொல்லவில்லை. ஆனால் அவன் சொல்லாததையும் நான் சொல்லாததையும் ஒரே தராசில் போட முடியாது. நான் வீம்புக்கு மறைத்தேன். அவன் சொன்னால் கூலி நின்றுவிடும், நின்றும்விட்டது.

தனியாக யாரையும் அனுப்பக் கூடாது என்ற விதிப்படி, உதவிக்கு வந்த பிள்ளையோடு எங்கள் இருவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார் பஹினி. வண்டிக் கூலிக்குப் புறப்படும்போது நாங்கள் ஆறு பேரும் போட்டு வைத்த அவசரக் காசு இருந்தது. அதைக் கட்டாயப்படுத்தி வாங்கியவரும் அவர்தான். அப்போது நான் மனதுக்குள் முணுமுணுத்தேன் என்பதையும் எழுத வேண்டும். பத்துப் பேருக்கு மேற்பட்ட குழு என்றால் யார் சாப்பிட்டார்கள், யார் இருமுகிறார்கள் என்று எவரால் பார்க்க முடியும்? சின்னக் குழுவின் பெறுமதி அதுதான், வேறொன்றுமில்லை.

சாமே என்ற ஊர் 2,670 மீற்றர். மனாங்கிலிருந்து ஒன்பதுநூறு மீற்றர் போல் கீழே. வந்து சேர்ந்து சில மணித்தியாலத்தில், யாரோ கழற்றி எடுத்ததுபோல் தலையிடி போய்விட்டது. இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். பெடியனுக்கு இறங்கும் வழியிலேயே மூச்சு இலேசாகியது. ஆனாலும் சாமேயில் உள்ள வைத்தியசாலையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இந்த வேலை நல்ல வேலையா என்று அந்த இரண்டு நாளும் அந்தப் பிள்ளையோடு கதைத்தேன். இலையுதிர் காலத்தில் இரண்டு மாதம், இளவேனிலில் இரண்டு மூன்று மாதம், அவ்வளவுதான் உழைப்பு என்றாள். 2014 ஒக்ரோபரில் இதே கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் பனிப்புயல் வந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 2015 ஏப்ரலில் நிலநடுக்கம், இரண்டு முறையும் அடுத்த பருவத்துக்குப் பயணிகள் குறைந்தார்களாம். பிறகு 2020இல் கொரோனா வந்து எல்லாவற்றையும் பூட்டியபோது அவளை நினைத்துக்கொண்டேன். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடைப்பயணிகள் வழிகாட்டி ஒருவருடன்தான் போக வேண்டும் என்று நேபாளத்தில் விதி வந்தது. அது அவளுக்கு எவ்வளவு வேலை கொடுத்தது என்று அடுத்த கடிதத்தில் கேட்க இருக்கிறேன்.

உங்களில் யாருடைய பிள்ளையாவது வெளிநாட்டிலிருந்து, மலைக்குப் போகிறேன் அம்மா என்று சொன்னால், எவ்வளவு காசு என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை பேர் போகிறீர்கள், சுமையை நிறுக்கிறார்களா, தூக்குபவருக்குக் காப்புறுதி இருக்கிறதா, அவர் எங்கே படுப்பார், ஓய்வு நாள் எத்தனை என்று கேளுங்கள். மலிவாகக் கூட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஓய்வு நாளிலும் அந்தச் சப்பாத்திலும்தான் காசை மிச்சம் பிடிக்கிறார்கள்.

மற்ற ஐந்து பேரும் நான்காம் நாள் கணவாயைக் கடந்தார்கள். படம் அனுப்பினார்கள், நல்ல படம். சாமேயிலிருந்து புறப்பட்ட காலையில் பெடியன் வந்து என் பையைத் தூக்கப் பார்த்தான். நான் விடவில்லை, அவனும் விடவில்லை. கடைசியில் ஆளுக்கொரு பிடியைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம்வரை நடந்தோம். ஒன்பதரைக் கிலோ. அவனுக்கு நான் சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன். அளவு கொஞ்சம் பெரிது. அந்தக் கடையில் அதுதான் இருந்தது.