யஃகூபின் கண்ணீரும் நமது புகழுரையும்

போரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் தர்மபுரத்திலும் கிளிநொச்சியிலும், ஏன், ரொறன்ரோவிலும் இலண்டனிலுங்கூட, தமிழர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “முஸ்லிம்களைப் பாருங்கள், மார்க்கப் பற்று இருந்தபடியால் எழும்பிவிட்டார்கள், எங்கள் சனந்தான் உடைந்துபோயிற்று.” கேட்பதற்கு இது பாராட்டுப்போல் இருக்கிறது. ஆனால் பாராட்டு அன்று. கடன்பட்டவன் கடன்கொடுத்தவனைப் பார்த்து, “உனக்கென்ன குறை, நீ நன்றாகத்தானே இருக்கிறாய்” என்று சொல்வதற்கு ஒப்பானது.

கடன் என்னவென்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றும் நீராவிப்பிட்டியும் வெறுமையாயின. பெரும்பாலோர் புத்தளத்தில் கிடுகுக் குடிசைகளில் ஒதுங்கினர். அது நியாயப்படுத்த முடியாத தவறு என்று 2002 ஏப்ரலில் அன்ரன் பாலசிங்கம் செய்தியாளர் மாநாட்டில் ஒப்புக்கொண்டபோது, வெளியேற்றம் நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகவிருந்தன.

அந்தக் குடிசைகளில் இறைநம்பிக்கை மனிதர்களைத் தாங்கியது என்பதை நான் மறுக்கவில்லை. மதம் வெறும் மயக்கமருந்து என்று எழுதிவிட்டுப் போவோருடன் எனக்கு உடன்பாடும் இல்லை. தொழிலும் காணியும் பறிபோனவனுக்குப் பகற்பொழுது உருவமற்றுப் போகிறது. ஐவேளைத் தொழுகை அந்தப் பொழுதுக்கு எல்லைகள் போட்டுக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ, சிதறிய ஊரை ஒரு கூரையின்கீழ் சேர்த்தது. ஸகாத் கையேந்துவதை இழிவாக அன்றி உரிமையாக ஆக்கியது. ஜனாஸாத் தொழுகை, அந்நிய மண்ணில் இறந்தவனும் அநாதை அல்லன் என்றது. இவை சிறிய காரியங்கள் அல்ல.

ஆனால் தாங்கியது என்பது வேறு, காயம் ஆறியது என்பது வேறு. புத்தளத்தில் நீண்டகாலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த முஸ்லிம்களிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று 2013இல் வெளியாயிற்று. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம், உடல் நோவாக வெளிப்படும் உளத்துயர் என ஏதோவொன்று இருந்தது. கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தவர்கள் யார்? வேலையற்றோர், துணையை இழந்தோர் அல்லது பிரிந்தோர், அடுத்தவேளை உணவுக்கு உறுதியில்லாதோர். அவர்களிடம் இல்லாதிருந்தவை கூலியும் சோறும் துணையும். ஈமான் குறைந்ததால் வந்த நோய் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

இங்கேதான் இன்னொரு தரப்பையும் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. மனச்சோர்வு ஈமானின் பலவீனம், அதிகம் ஓதினால் போய்விடும் என்று கூறும் போதகர்கள் உள்ளனர். வெளியே நின்று நாம் சொல்லும் புகழுரையும், உள்ளே நின்று அவர்கள் சொல்லும் கண்டிப்பும் ஒரே தவற்றின் இரு முகங்கள். உண்மையான விசுவாசி உடையமாட்டான் என்பதே இரண்டின் அடிப்படை. அதை அவர்களுடைய வேதமே ஏற்கவில்லை. யூசுபை இழந்த தந்தை யஃகூப் நபி அழுதழுது கண்பார்வையை இழந்ததாகக் குர்ஆன் கூறுகிறது. அதற்காக அவரது நபித்துவம் குறைந்துவிடவில்லை. கதீஜா அம்மையாரும் அபூதாலிபும் இறந்த ஆண்டு, முகம்மது நபியின் வரலாற்றில் துயர ஆண்டு என்றே பெயர் பெற்றது. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி என்ற அறிஞர், காரணம் தெரிந்த துயரையும் காரணம் புலப்படாத துயரையும் பிரித்துக் காட்டி, பின்னையது உடலிலிருந்து எழுவது, அதற்கு மருத்துவமும் வேண்டும் என எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தெளிந்திருந்த ஒன்றை இன்று மறைப்பது மார்க்கத்துக்குச் செய்யும் தொண்டாகாது.

யஃகூபின் கதையில் நாம் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. இறைவனின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று மக்களுக்குச் சொல்லும் அதே மூச்சில், போய் யூசுபைத் தேடுங்கள் என்றும் அவர் பணிக்கிறார். பொறுமையாய் இரு, விட்டுவிடு என்பது அவர் வாக்கன்று.

வன்னித் தமிழருக்கு இது விளங்காமல் போகுமா? 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தபின் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் நகர்ந்த சனம் தர்மபுரத்தில் சற்றே தரித்து, அங்கிருந்தும் ஓடியது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்களிடம் போய், “உங்களுக்குத்தான் கந்தசுவாமியார் இருக்கிறாரே, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்று ஓர் அமைச்சர் சொன்னால் நாம் பொறுப்போமா? அந்தத் தாய்மார் சாமியையும் கும்பிட்டார்கள், பிள்ளைகளையும் தேடினார்கள். முஸ்லிம்களின் நம்பிக்கையை மட்டும் ஏன் நமது பொறுப்பைத் தள்ளிவைக்கும் சாக்காக்குகிறோம்?

இஸ்லாம் நம்பிக்கையிழந்த நெஞ்சுக்கு ஒளி தருகிறது என்பவர்கள், அந்த நெஞ்சை வைத்தியரிடம் அழைத்துச் செல்லவும் வேண்டும். அதைக் கண்டு வியக்கும் தமிழர்கள், திரும்பிவரும் அயலவரின் காணிக்கும் கிணற்றுக்கும் வழிவிட வேண்டும். இவை இரண்டும் நடக்காதவரை, அவர்களுடைய பொறுமையைப் புகழும் தகுதி நம்மில் எவருக்கும் இல்லை.