கிழட்டு மரத்தில் கத்தி பிடிப்பது

இந்த வாரம் மின்சார ரயிலைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்கு இரட்டைத் தடம் போட்டு, மேலே கம்பி இழுத்து, நம் குளுவாங்குக்கும் மின்ரயில் வந்தாயிற்று. 'இன்னும் எழுதவில்லையா சார்?' என்று ரயிலே ஏறாதவர்கள்கூடக் கேட்டுவிட்டார்கள். சரி, அதற்குப் பொருத்தமான இடம் என்று 1938 முதல் ரயில் நிலையத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் காப்பிக்கடைக்குப் போனேன். காப்பி-ஓ வந்தது, காயா தடவிய ரொட்டி வந்தது. நோட்டுப்புத்தகத்தை விரித்து முதல் வரி எழுதுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது. காப்பி கசந்தது, அது எப்போதும் கசக்கும், அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தன்முனைப்புக் கூட்டம். அந்தச் சொல்லோடு எனக்குள்ள பகை உங்களுக்குத் தெரியும். இதுவரை மூன்று பத்திகள், ஒரு மன்னிப்புக் கடிதம். இருந்தும் ஏன் போனேன் என்றால், பணி ஓய்வு பெற்று நாலு மாதமாகிறது. 'அப்பா, நீங்க சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கீங்க' என்று மகள் சிங்கப்பூரிலிருந்தபடியே எனக்கு இடம் பதிவு செய்துவிட்டாள். பணமும் கட்டிவிட்டாள். பணம் கட்டிய எதையும் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பேச்சாளருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. இந்த வெயிலில் கோட்டு. திரையில் முதலில் பட்டாம்பூச்சி வந்தது. வௌவாலின் பெயரைச் சுமக்கிற ஊரில் வந்து பட்டாம்பூச்சி காட்டுகிறாரே என்று நினைத்தேன், பொறுத்துக்கொண்டேன். அடுத்து வந்தது கரித்துண்டு. அதற்கடுத்து வைரம். 'அழுத்தத்தைத் தாங்கிய கரிதான் வைரமாகிறது! நீங்கள் கரியா, வைரமா?' அரங்கமே 'வைரம்' என்றது. என் பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி என்னையும் சொல்லச் சொன்னார்.

முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவனிடம் இப்படிச் செய்யக்கூடாது. வைரம் உருவாவது பூமிக்கு அடியில் ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கும் கீழே. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நூறு கோடி ஆண்டுக்கு மேல் வயது. நிலக்கரி என்பது செத்த செடிகொடிகள். நிலத்தில் செடி முளைத்தே ஐம்பது கோடி ஆண்டு ஆகவில்லை. பேரன் பிறப்பதற்குள் தாத்தாவைப் பெற்றுவிட முடியுமா? நிலக்கரியை மேலும் அழுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: இன்னும் கெட்டியான நிலக்கரி ஆகும். அதற்கு அனல்மலிக் கரி என்று பெயர், பாடப்புத்தகத்திலேயே உண்டு. கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன். 'அங்கிள், எதிர்மறை எண்ணத்தை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வாங்க' என்றார். கைதட்டல்.

அந்த எரிச்சலோடு நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பழைய வாசகர்களுக்குப் பெரியம்மாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை; சம்பால் பத்தியில் என்னை அடிக்க வந்தவர். எழுபத்தாறு வயது. கரி, வைரம் எல்லாம் சொல்லி முடித்தேன்.

"கரின்னா சோறாவது ஆக்கலாம்," என்றார்.

பெரியம்மா பதின்மூன்று வயதில் அவர் அம்மாவோடு கித்தாக் காட்டுக்குள், அதாவது ரப்பர் தோட்டத்துக்குள், போனவர். விடிவதற்கு முன்பு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு, இருட்டில் நெற்றி விளக்கு, நிறை நிறையாக மரம். விடியற்காலையில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு: வெயில் ஏறாதபோதுதான் மரத்துக்குள் நீரின் அழுத்தம் கூடுதல், பால் நன்றாக ஓடும். ஓர் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சாய்வாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் கத்தி உள்ளே பட்டு மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் முண்டு கட்டிக்கொள்ளும், பிறகு அங்கே சீராக வெட்ட முடியாது.

இந்தச் சீவலைக் கண்டுபிடித்தவர் ரிட்லி, சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் இயக்குநர். 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த 22 கன்றுகளின் வம்சத்தை வைத்துக்கொண்டு, 1890-களில் அவர் பார்த்தது இதுதான்: மரத்தைக் கண்ட இடத்தில் கொத்த வேண்டாம், முன்பு வெட்டிய வெட்டின் ஓரத்தையே மெல்லச் சீவினால் பால் கூடுகிறது, பட்டையும் திரும்ப வளர்கிறது. காப்பித் தோட்டக்காரர்களின் பையில் கித்தா விதையைத் திணித்துக்கொண்டு அலைந்ததால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். 83 வயதில் கல்யாணம் செய்துகொண்டு, நூறு வயது கண்டு, 1956-ல் இறந்தார். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இவரைச் சொல்லலாம். மகள் இதைப் படிப்பாள் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

கோட்டுப் போட்டவரைக் குறை சொன்னேனே, எனக்கும் அந்த நோய் உண்டு. "வெட்ட வெட்டத்தானே பெரியம்மா மரம் பால் கொடுக்குது, மனுசனும் அப்படித்தானோ?" என்று கேட்டுவிட்டேன்.

"மரத்தைக் கேட்டியா?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "ஒருநாள் விட்டு ஒருநாள்தான்டா வெட்டுவோம். பால் வத்திப்போன மரத்துக்கு ரெஸ்ட் குடுப்பாங்க. எங்களுக்குத்தான் மழை பெஞ்சா ரெஸ்ட், அன்னிக்குச் சம்பளம் கிடையாது."

பிறகு கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். முப்பது ஆண்டாகப் பழகிய கை ஒரே ஆண்டில் யாருக்கும் வேண்டாத கையாகிவிட்டது. லயத்து வீட்டைக் காலி செய்து மெங்கிபோல் பக்கம் ஒரு தாமானுக்கு வந்தபோது பெரியம்மாவுக்கு நாற்பத்தேழு வயது, பெரியப்பா இல்லை. பாக்டரி பஸ் அந்தச் சந்துக்குள் வராது. ஆகவே மோட்டார் லைசென்ஸ் எடுப்பதென்று முடிவு செய்தார். அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

எப்படிப் பழகினீர்கள் என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"கிழட்டு மரத்துல," என்றார்.

தோட்டத்தில் புது ஆளை நேரே நல்ல மரத்தில் கத்தி வைக்க விடமாட்டார்களாம். மறுநடவுக்காகச் சாய்க்கப்போகிற மரங்கள் இருக்கும் அல்லவா, அதில் ஒன்றைக் காட்டி 'இதில் வெட்டு' என்பார்கள். எப்படி வெட்டினாலும் திட்டு கிடையாது, அந்த மரம் எப்படியும் போகப்போகிறது. பெரியம்மா அதில்தான் கை பழகினார். அதே கணக்கில், ஓடாத ஒரு பழைய கப்சாயைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, முதலில் வீட்டு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். ஒரு வாரம் அதுதான். பிறகு பிள்ளைகள் தள்ள, திடலில் உருட்டினார். விழுந்தார், புல்தரை. உண்டாங் தேர்வில் ஐம்பது கேள்வியில் நாற்பத்திரண்டு சரியாக வேண்டும். மலாய் எழுத்து கூட்டிப் படிக்கத்தான் தெரியும். இரண்டு தடவை போயிற்று. மூன்றாவதில் நாற்பத்து மூன்று. அந்த ஒரு மதிப்பெண் மிச்சத்தை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்.

நான் ஓய்வு பெற்ற மறுநாளே வீணை, யோகா, மாண்டரின் மூன்றிலும் பெயர் கொடுத்தவன். மூன்றிலும் முதல் வாரமே எல்லாரும் பார்க்கத் தப்புச் செய்து, மூன்றையும் விட்டவன். இதைப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "அந்த மின்சார ரயிலு எப்படிடா ஏர்றது?"

டிக்கெட்டெல்லாம் இப்போது போனிலேயே வாங்கலாம் பெரியம்மா, நான் வாங்கித் தருகிறேன் என்றேன். "நீ வாங்க வேணாம். உன் பழைய போன் சும்மாதானே கிடக்கு, அதைக் குடு" என்றார். கொடுத்தேன். எங்கே அமுக்க வேண்டும் என்று ஒருமுறை காட்டினேன். நானே இரண்டு இடத்தில் தடுமாறினேன்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அழைப்பு வருகிறது. இதுவரை கோலாலம்பூருக்கு ஆறு தடவை, ஜொகூர் பாருவுக்கு நாலு தடவை, நேற்றைக்குக் கிம்மாஸுக்கு ஒரு தடவை போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நாள் குறித்து, சன்னலோர இருக்கை பார்த்து, பணம் கட்டச் சொல்லும் இடம் வரை போய் நிறுத்திவிடுகிறார்.