எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை

திருநாவலூர் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றின் ஆலயத்துக்குப் பின்னால், சுவரோரமாகத் தார்ப்பாய் போர்த்திய ஸ்கூட்டர் ஒன்று பதினோரு ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. 1986ஆம் ஆண்டின் பஜாஜ் சேத்தக். அவ்வூரில் வேதியராக இருந்தவர் அதை 1996இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். கெடிலம் ஆற்றின் இருகரையிலும் உள்ள கிளைக் கிராமங்களுக்குச் செபம் சொல்லவும், நோயாளரைப் பார்க்கவும், நள்ளிரவில் பங்குத்தந்தையை அவஸ்தைப்பூசுதலுக்கு அழைத்துச் செல்லவும் அந்த வண்டியே அவருக்குக் கால்களாக இருந்தது. அவர் இறைவனடி சேர்ந்த பின் அதைத் தொடுவார் இல்லை. கடந்த ஆண்டுத் திருவிழாவுக்கு முன் கூடிய பேரவை, அந்தப் பழைய இரும்பை எடைக்குப் போட்டு, வரும் பணத்தைப் பந்தல் செலவில் சேர்ப்பது என்று ஒரே நிமிடத்தில் தீர்மானித்துவிட்டது.

அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம், வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பரிகாரமாகவே இதை எழுதுகிறோம்.

முதலில், அந்த வண்டி யாருடையது? இக்கேள்வி அன்று ஒருவர் மனத்திலும் எழவில்லை. ஆலய வளாகத்தில் நிற்பதால் அது ஆலயத்துச் சொத்து என்று எல்லோரும் எண்ணினோம். பதிவுப் புத்தகத்தில் இருந்ததோ வேதியரின் பெயர். அவருக்கு மனைவி இருக்கிறார். நான்கு வீடு தள்ளி, இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு, பேரனைப் படிக்கவைத்துக் கொண்டிருக்கிறார். கைம்பெண்ணின் காணிக்கையைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை கேட்கும் நாம், அவர் கேளாமலே அவருடைய பொருளை எடுத்துப் பந்தலுக்குக் காணிக்கையாக்கத் துணிந்தோம். இதற்குத் தமிழில் வேறு சொல் உண்டு. அதைப் பத்துக் கட்டளைகளில் ஏழாவதாகச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம்.

திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். அவருடைய திருமண நாளில் முதியவர் ஒருவர் வந்து ஓர் ஓலையைக் காட்டி, நீ எனக்கு அடிமை என்று வழக்காடிய கதையை அப்பகுதியில் சிறுவரும் அறிவர். சுந்தரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படிதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட, வழக்குத் தீர்ந்தது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குவோர் இக்கதையை நினைவிற்கொள்வது நல்லது. ஜெராக்ஸ் படிகளை நம்பி வாங்கி ஏமாந்தவர்களை நாம் அறிவோம். வேதியரின் துணைவியார், எங்கள் வாய்மொழிக்கெல்லாம் பதிலாக, டிரங்குப் பெட்டியைத் திறந்து செபப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து மூலப் பதிவுப் புத்தகத்தையே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேரவையின் வழக்கு அத்தோடு முடிந்தது.

இனி அடுத்த வாதம்: வண்டி செத்துவிட்டதாம். சொன்னவர்களில் ஒருவரேனும் அதைத் திறந்து பார்த்ததுண்டா? இருவீச்சு எந்திரத்தைப் போல் எளிய எந்திரம் வேறில்லை. வால்வுகள் இல்லை, தனி எண்ணெய்ப் பம்பு இல்லை. பெட்ரோலோடு கலந்த எண்ணெயே உள்ளே சென்று உராய்வைத் தணிக்கிறது. ஓடித் தேய்ந்து சாகும் சேத்தக்குகளைவிட ஓடாமல் நின்று பாழாகும் சேத்தக்குகளே மிகுதி. நின்ற வண்டியின் டேங்கில் துரு பிடிக்கிறது. கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் வற்றிப் பிசினாகி ஜெட்டின் நுண்துளையை அடைக்கிறது. காண்டாக்ட் பாயிண்டில் களிம்பு படிகிறது. ரப்பர் சீல்கள் இறுகிப்போகின்றன. நோய்கள் நான்குமே தீர்க்கக் கூடியவை.

உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் கீற்றுக் கொட்டகையில் தொழில் செய்யும் அறுபது கடந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை டாடா ஏஸில் ஏற்றிச் சென்றோம். உடன் வந்த இளைஞர் ஆர்வக்கோளாறால் கிக்கரை மிதிக்கப் போனார். "உதைக்காதீங்க தம்பி, முதல்ல ப்ளக்கைக் கழட்டுங்க" என்று அவர் போட்ட அதட்டலில் நாமும் ஓரடி பின்வாங்கினோம். ப்ளக் துளை வழியே சிலிண்டருக்குள் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தார். துருப்பிடித்த பிஸ்டன் வளையங்களை மிதித்து இழுத்தால் சிலிண்டரில் கீறல் விழும்; பின் போர் செய்ய வேண்டிய செலவு. மறுநாள் காந்தச் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்ப, எந்திரம் ஒரு முனகலோடு சுழன்றது.

பிறகு டேங்கைக் கழற்றிப் பழைய பெட்ரோலைக் கொட்டினார். அது வார்னிஷ் போல் நாறியது. உள்ளே ஒரு கை நட்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தார். ஜெட்டைக் கம்பியால் குத்தவில்லை. குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் கூடுதலாகப் பாயுமாம். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தே அடைப்பை எடுத்தார். புல்லர் கொண்டு காந்தச் சக்கரத்தை விடுவித்து, பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, அரை மில்லிமீட்டருக்குள் இடைவெளி வைத்தார். சைலன்சரை நெருப்பிலிட்டு உள்ளிருந்த கரியை எரித்துத் தட்டினார். கிராங்க் சீல்கள் இரண்டையும் மாற்றியே தீரவேண்டும் என்றார். இவ்வகை எந்திரத்தில் கிராங்க் அறையே கலவையை உறிஞ்சித் தள்ளும் பம்பு. ஒருபுறச் சீல் கசிந்தால் காற்று புகுந்து எந்திரம் சூடேறும். மறுபுறச் சீல் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெண்புகை கக்கும். இதையெல்லாம் அவர் எங்கும் படித்ததில்லை. பொறியியல் பட்டதாரிகள் நிறைந்த நம் பங்கில் இதை விளக்க ஒருவர் கிடைப்பாரா என்பது ஐயமே.

பெட்ரோல் பைப்புகளையும் புதிதாகப் போடச் சொன்னார். இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரை அரிக்கும். ஆகவே பழைய வண்டியின் டேங்கை நிரப்பிவைத்து மாதக்கணக்கில் நிறுத்தலாகாது என்பது அவருடைய கட்டளை. லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில்; அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்பது இன்னொன்று.

மூன்றாம் நாள் மாலை வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்தி, சோக்கை இழுத்து மிதித்தார். ஐந்தாவது மிதியில் அந்தப் பழைய 'டப டப' ஓசை எழுந்தது. டயர், டியூப், கேபிள்கள் உட்பட மொத்தச் செலவு ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. புதிய ஸ்கூட்டர் ஒன்று ஒரு லட்சத்தை நெருங்கும். "மாதத் தவணைதானே" என்று பேரனுக்கு ஆசை காட்டியவர்கள் பேரவையிலும் உண்டு. இரண்டு மாட்டின் பாலை நம்பியிருக்கும் வீட்டுக்கு மாதத் தவணை என்பது என்ன என்று அவர்களுக்குத் தெரியாதா?

புகையைச் சொல்வோர்க்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம், ஏனெனில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. இருவீச்சு எந்திரத்தில் புதுக் கலவை உள்ளே வரும்போதே அதில் ஒரு பங்கு எரியாமல் பழம்புகையோடு வெளியேறிவிடும். அது அதன் பிறவிக் குறை. 1998இல் உச்ச நீதிமன்றம் டெல்லியில் சில்லறை 2டி ஆயில் விற்பனையைத் தடுத்ததும், மாசு விதிகள் இறுக இறுக இவ்வண்டிகள் மறைந்ததும் இதனாலேதான். 2009 டிசம்பரில் ஸ்கூட்டர் தொழிலையே விடுவதாக அறிவித்த பஜாஜ் நிறுவனம், 2020இல் சேத்தக் என்ற பெயரை மின்சார வண்டிக்குச் சூட்டியது. சென்னை நெரிசலில் இலட்சம் இருவீச்சு வண்டிகள் மீண்டும் ஓடவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம், சிற்றூரிலிருந்து பால் சங்கம் வரை நாளொன்றுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டியைத்தான். அதற்கு மாற்றாக ஒரு புது வண்டியை உருக்கி, வார்த்து, வண்ணமடித்து, லாரியில் ஏற்றி அனுப்புவதற்கு ஆகும் புகையை இந்தக் கணக்கில் ஏன் சேர்ப்பதில்லை? காரில் தனியாக வந்து இறங்கியவரே புகையைப் பற்றி அதிகம் பேசினார் என்பதையும் பதிவு செய்துவிடுகிறோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில் தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார். அம்மடலைப் பற்றி நம் பங்கிலும் கருத்தரங்கு நடந்தது. பிளாஸ்டிக் குவளையில் தேநீர் குடித்துக் கலைந்தோம். தூக்கியெறியப்படுவது பொருள் மட்டுமன்று, அதைச் சீராக்கத் தெரிந்த கைகளும்தாம் என்பதே அம்மடலிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டியது. அந்த மெக்கானிக்கிடம் தொழில் பழக ஒரு பையனும் இல்லை. அவருடைய மகன் தவணை வண்டியில் பார்சல் கொண்டு கொடுக்கிறான். ஆண்டவர் யாக்கோபையும் யோவானையும் அழைத்தபோது அவர்கள் தந்தையோடு படகில் அமர்ந்து வலைகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நற்செய்தி சொல்கிறது. கிழிந்த வலையை எறிந்துவிட்டுப் புது வலை வாங்கக் கடைக்குப் போயிருந்தால் அவர்களை ஆண்டவர் எங்கே தேடியிருப்பார்? 1955இல் ஏற்படுத்தப்பட்ட, தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவைத் திருச்சபை மே 1 அன்று கொண்டாடுகிறது. அன்று கைவினைஞரைப் பீடத்தருகே அழைத்து மாலையிடுகிறோம். மறுநாள் அவருடைய கொட்டகையைக் கடந்து ஷோரூமுக்குப் போகிறோம்.

இந்த வண்டியின் குலமே இடிபாட்டில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையான இத்தாலியின் பொந்தெதேரா விமானத் தொழிற்சாலையில், கொராதீனோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியாளர் வரைந்து, 1946இல் வெளிவந்தது வெஸ்பா. அதை உரிமம் பெற்று இங்கே செய்துவந்த பஜாஜ், உரிமம் முடிந்தபின் 1972இல் இராணா பிரதாப்பின் குதிரைப் பெயரைச் சூட்டிச் சேத்தக்கைக் கொணர்ந்தது. முன்பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் என்று பேரம் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்களும் இருக்கின்றன. அதன் பெயரை இங்கே சொல்லவில்லை.

ஆவண வேலை எந்திர வேலையைவிடக் கடினமாயிற்று. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற 31ஆம் எண் படிவம்; பதினைந்து ஆண்டு கடந்த பதிவைப் புதுப்பிக்க 25ஆம் எண் படிவம். 300 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. இருபது ஆண்டைக் கடந்த இருசக்கர வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆனது. பழைய வண்டியை வைத்திருப்பவன் பெரும்பாலும் ஏழை என்பதைக் கட்டணம் நிர்ணயித்தோர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாரிசுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி என்று நான்கு மாதம் அலைந்தோம். புகைச் சோதனையில் வண்டி தேறியது, நமக்கே வியப்பு.

இப்போது பதிவுப் புத்தகத்தில் அந்த அம்மாவின் பெயர் இருக்கிறது. பேரனுக்கு உரிமம் வந்துவிட்டது. சீட்டுக்கு முன்னால் பை மாட்டும் கொக்கி ஒடிந்திருந்தது. புதுக் கொக்கி எங்கும் கிடைக்கவில்லை. ஒடிந்ததையே வெல்டிங் வைத்து, அதில் பால் கேனை மாட்டிக்கொண்டு போகிறான்.