யாருக்கான எதிர்ப்பிசை?

ஹிப்ஹாப் என்றதும் ‘எதிர்ப்பிசை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். கருத்தரங்குகளிலும் வகுப்பறைகளிலும் அதற்கு வழக்கமான சான்றுகளை அடுக்குகிறோம்: பிராங்ஸ் பகுதியின் வறுமை, போலீஸ் வன்முறை, நிறவெறி, சிறை. எல்லாம் உண்மை. அந்த வரிசையில் அடிவாங்கிய பெண் ஏன் இல்லை என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

காம்ப்டன் நகரத்து இளைஞர்களின் என்.டபிள்யூ.ஏ. குழு 1988இல் போலீஸைத் திட்டிப் பாடியது. அடுத்த ஆண்டே எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் கண்டனக் கடிதம் அனுப்பினார். ஹிப்ஹாப் அரசியலுக்கு இன்றும் அதுவே பெரிய சாட்சி. அதே குழுவின் டாக்டர் டிரே 1991இல், தொலைக்காட்சியில் ஹிப்ஹாப் நிகழ்ச்சி நடத்திவந்த கறுப்பினப் பெண் டீ பார்ன்ஸை ஒரு விருந்தில் தாக்கினார். வழக்கில் அவர் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. அபராதம், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று முடிந்தது. 2015இல் குழுவின் கதை திரைப்படமாக வந்தது. படத்தில் போலீஸின் அராஜகம் இருந்தது. டீ பார்ன்ஸ் இல்லை. அவரே அதைப் பற்றி எழுதினார். அதன் பிறகுதான், தான் காயப்படுத்திய பெண்களிடம் டிரே மன்னிப்புக் கேட்டார்.

போலீஸ் அடித்தால் அரசியல், தோழன் அடித்தால் சொந்த விவகாரம். இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. “எதிரி வெளியே நிற்கும்போது இதைப் பெரிதாக்க வேண்டுமா தோழர்?” என்ற கேள்வியைக் கேட்காத பெண் எந்த இயக்கத்தில் இருக்கிறாள்?

கறுப்பினப் பெண்கள் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். 1993இல் குயின் லத்தீஃபா ‘யூனிட்டி’ பாடலில் தெருச் சீண்டலையும் வீட்டு வன்முறையையும், ராப் பாடல்கள் பெண்களை அழைக்கும் இழிசொற்களையும் நேருக்கு நேர் எதிர்த்தார். அந்தப் பாடலுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. ஆனாலும் ‘அரசியல் ராப்’ என்றால் ஆண்களின் பெயர்களே முதலில் வருகின்றன.

2020 ஜூலையில் ராப் பாடகி மேகன் தி ஸ்டாலியன் காலில் சுடப்பட்டார். ஜார்ஜ் ஃப்ளாய்டை போலீஸ் கொன்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கண்ணாடி குத்திவிட்டது என்றே மேகன் முதலில் போலீஸிடம் சொன்னார். காரில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் எல்லோரையும் சுட்டுவிடுவார்களோ என்ற பயம். ரத்தம் வழியும் காலோடு, தன்னைச் சுட்டவனையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டிய நிலை அவருக்கு. அதற்குக் கிடைத்த பரிசு, பொய்க்காரி என்ற பட்டமும் கேலியும். 2022 டிசம்பரில் டோரி லேனஸ் குற்றவாளி என்று ஜூரி தீர்ப்பளித்தது. மறு ஆண்டு பத்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போலீஸ் வன்முறை பற்றி இதைவிட என்ன அரசியல் பேசிவிட முடியும்?

பாட்டைத் தடை செய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. 1990இல் ஃபுளோரிடாவில் டூ லைவ் க்ரூ குழுவினர் ஆபாச வழக்கில் கைதானார்கள். அதைப் பற்றி எழுதிய கறுப்பினச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, அந்த வழக்கின் பின்னிருந்த இனவெறியையும் ஏற்கவில்லை. பெண்வெறுப்பைக் கறுப்பினப் பண்பாடு என்று நியாயப்படுத்தியதையும் ஏற்கவில்லை. நாம் நிற்க வேண்டிய இடமும் அதுவே.

ஆகவே மாணவியரே, அடுத்த கருத்தரங்கில் எதிர்ப்பிசை பற்றிப் பேச எழுந்தால் என்.டபிள்யூ.ஏ.வைச் சொல்லுங்கள். அதே மூச்சில் டீ பார்ன்ஸையும் சொல்லுங்கள். தலைப்பை விட்டு விலகுகிறாய் என்று யாராவது குறுக்கிட்டால், தலைப்பே இதுதான் என்று சொல்லுங்கள்.