ஏசிக்கு முன் மொட்டை மாடி

ஏப்ரல் வந்துவிட்டால் போதும், சென்னையில் தெருவுக்குத் தெரு ஒரு காட்சி. முப்பது நாற்பது வருடத்துக்கு முன்பு கட்டிய மாடி வீடு, வாசலில் ஒரு சின்ன லாரி, ஏசி பெட்டியைப் படியேற்றும் இரண்டு பேர். "இனிமே நிம்மதியா தூங்கலாம்" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து கரண்ட் பில் வரும். அத்தோடு நிம்மதி போய்விடும் :)

ஏசியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் தலைக்கு மேலே ஒரு அடுப்பு எரிகிறது. அதற்குப் பெயர் மொட்டை மாடி.

சூடு எங்கிருந்து வருகிறது?

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். சுவரில் படும் வெயிலைவிடக் கூரையில் படுவதுதான் அதிகம். கான்கிரீட் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்துக் கீழே விடும். அதனால்தான் ராத்திரி பத்து மணிக்கு வெளியே காற்று தணிந்த பிறகும் உள்ளே ஃபேன் அனலை இறக்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு. 12க்கு 12 அடி அறை என்றால் கூரைப் பரப்பு சுமார் 13.4 சதுர மீட்டர். பழைய கான்கிரீட் கூரை, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் ஏறத்தாழ 3 வாட் வெப்பத்தை உள்ளே விடும். மேலே 55 டிகிரி, உள்ளே 27 என்று வைத்துக்கொண்டால் சுமார் 1100 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமே 3500 வாட்தான். மூன்றில் ஒரு பங்கு கூரைக்கே போய்விட்டால் மனிதர்களுக்கு என்ன மிச்சம்?

என்ன செய்யலாம்?

வீட்டை இடிக்க வேண்டாம். வரிசையாகச் செய்தால் போதும்.

1. முதலில் விரிசலையும் ஒழுகலையும் சரி செய்ய வேண்டும். கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால் மற்றதெல்லாம் பிறகுதான்.

2. அடுத்தது வெள்ளை. சுண்ணாம்பு அடிக்கலாம், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம், வெள்ளை டைல்ஸும் போடலாம். சுண்ணாம்புதான் மலிவு, ஆனால் அழுக்குப் படிந்தால் பலன் குறையும். வருடா வருடம் அடிக்க வேண்டும். ஒழுகலுக்காகக் கறுப்புத் தார்ப் பூச்சு அடித்து அப்படியே விடுவது அடுப்பில் விறகு வைப்பது மாதிரி.

3. பணம் இருந்தால் வெப்பத் தடுப்பு. தளத்தின் மேல் 5 செ.மீ. கெட்டியான நுரைப் பலகை, அதன் மேல் காரை, மழைத் தண்ணீர் ஓட வாட்டம், பிறகு டைல்ஸ். அந்த 5 செ.மீ. பலகை தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க இரண்டு மீட்டருக்கு மேல் தடிமனான கான்கிரீட் வேண்டும்! பலகை எடை குறைவு என்பதும் பழைய வீட்டுக்கு ஒரு வசதி.

4. மேற்குப் பக்க ஜன்னலுக்கு நிழல் வெளியே இருக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கனவே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

5. பழைய ஃபேன் 70, 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்.

இத்தனைக்கும் பிறகு தேவைப்பட்டால் ஏசி வாங்கலாம். சின்னதே போதுமானதாக இருக்கும்.

இந்த வரிசை புதிதல்ல. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டிய முதல் பாசிவ் ஹவுஸின் அடிப்படையும் இதுதான்: முதலில் வீட்டின் மேலுறை, பிறகு இயந்திரம். அங்கே எதிரி குளிர், அதனால் காற்றுப் புகாமல் அடைப்பார்கள். வியர்த்துக் கொட்டும் சென்னையில் அதை அப்படியே காப்பியடிக்கக் கூடாது. சாயங்காலக் கடற்காற்றுக்கு ஜன்னல் திறந்துதான் இருக்க வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசையை மட்டும்.

யார் செய்வது?

சிக்கல் இங்கேதான். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதி, கூரை வழியே வரும் வெப்பத்துக்கு 1.2 வாட் என்று வரம்பு வைத்தது. நல்ல விதிதான். மேலே போட்ட கணக்கில் 1100 வாட் 450 ஆகிவிடும். ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு. அரை கிரவுண்டில் நிற்கும் பழைய வீட்டுக்கு அதில் இடமில்லை. 2024-ல் வந்த சூரிய மின்சாரத் திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 ரூபாய் மானியம். பேனல் தன் கீழே உள்ள தளத்துக்கு நிழலும் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் மற்ற இடத்தில் கூரை கொதித்தால், அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி சூட்டை விரட்டவே போகும். கூரைக்கு வெப்பத் தடுப்புப் போட அந்தத் திட்டத்தில் பணமில்லை. தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது.

இன்னொன்று, பலரும் பேசாதது. மேல்மாடியில் குடியிருப்பவர் பெரும்பாலும் வாடகைக்காரர். கூரை வீட்டுக்காரருடையது, பில் குடியிருப்பவருடையது. கூரையைச் சரி செய்ய ஒருவருக்கு அவசியமில்லை, மற்றவருக்கு உரிமையில்லை. நடுவில், ஏசி வாங்க முடியாத வீட்டில் வயதான பாட்டி ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை விழித்திருக்கிறார்.

பேனலுக்கு மானியம் கொடுக்க முடிகிற அரசு, பழைய கூரைக்கும் கொடுக்கலாம். அதுவரை வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம். வருடா வருடம் வாடகையை ஏற்றுகிறவர்கள், ஏற்றுவதற்கு முன் ஒரு மே மாத ராத்திரி அந்த மேல்மாடி அறையில் படுத்துப் பார்க்கட்டும். மறுநாள் காலையிலேயே சுண்ணாம்பு வாங்கக் கிளம்பிவிடுவார்கள்!